நகரத்தார் குடும்ப ஸ்தாபனங்கள்: உடைமையும் நிர்வாகமும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டாரத்தின் இராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களையும், சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடிப் பகுதியையும் உள்ளடக்கிய செட்டிநாட்டிலிருந்து புறப்பட்டு, பர்மா, இலங்கை, மலாயா ஆகிய தேசங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார் ஸ்தாபனங்கள், குடும்பத்தின் பங்கு வியாபாரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்வோர்க்குச் சிறந்த திருஷ்டாந்தமாகும்.

கடையின் விலாசமும் (வணிகப் பெயரும்) மூலதனமும் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் இரங்கூன் கடையை நடத்தியவர், சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பாகமும் பெற்று, ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கொப்பித்து ஊர் திரும்பிய ‘மேலாள்’ ஆவார். அவர் பெரும்பாலும் அதே சமூகத்தவராதலின், கணக்கில் புரட்டுச் செய்தால் உத்தியோகத்தோடு ஊரில் தம் குடும்பத்தின் மதிப்பும் போய்விடும் என்ற அச்சமே தக்க காவலாயிற்று. முதலாளியின் புதல்வனும் பெட்டியடிப் பையனாக அமர்ந்து கணக்குப் பழகிய பிறகே பொறுப்பேற்பது வழக்கமாயிருந்தது. பிள்ளையில்லாத வீட்டார் ‘பிள்ளை கூட்டி’ (தத்தெடுத்து) விலாசத்தைக் காத்தனர்.

அமெரிக்கப் பெருநிறுவனங்களை ஆராய்ந்த வில்லலோங்கா, அமித் என்போர் 2006-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அணுக்கமானது: ஸ்தாபகரே நிர்வகிக்கும்போதும், அவர் தலைவராயிருந்து அந்நியரை நிர்வாகியாக நியமிக்கும்போதும் குடும்ப உடைமை நிறுவன மதிப்பை உயர்த்துகிறது, சந்ததியார் நிர்வாகியாகும்போது அது குறைகிறது. டென்மார்க்கில் நடந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வும் வாரிசு நிர்வாகத்தால் லாபம் குறைவதையே கண்டது. செட்டிநாட்டார் இதை ஆய்வின்றியே அநுபவத்தால் அறிந்திருந்தனர் என்பது எம் அபிப்பிராயம்.

ஆயினும் எந்த நிர்வாக முறையும் காலத்தின் கொடுமையைத் தடுத்துவிடாது. 1930-இல் பர்மாவில் அவர்களது நடைமுறை மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. நெல் விலை வீழ்ந்து கடன்கள் நிலமாகவே திரும்பியதால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு 6 ஆக இருந்த அவர்களது நிலப்பங்கு, அப்பத்தாண்டின் இறுதிக்குள் 25 அளவுக்கு ஏறிற்று. வட்டிக்கடைக்காரர் விரும்பாமலே மிராசுதாரரானார். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், பின்னர் பர்மிய அரசின் நிலச் சட்டங்களும் அம்முதலை விழுங்கின.

பெண்களின் நிலை வேறு. ‘ஆச்சிமார் பணம்’ என்று அவர்களது சீதனம் வட்டிக்குக் கடையில் புரண்டது. நிர்வாகத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லாதிருந்தது. இக்கேள்வி அண்மையிலும் எழுந்தது. பள்ளத்தூரைப் பூர்விகமாகக் கொண்டு 1900-இல் பர்மாவில் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில், மறைந்த தலைவர் எம். வி. முருகப்பனின் மகள் இயக்குநர் பதவி கோரியது 2020-இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் தோற்று, அது தொடர்பான வழக்கு 2023-இல் குடும்ப உடன்படிக்கையில் முடிந்தது.