முகம் காட்டாத வேர்

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ‘ஏனுங்க, சித்தரத்தை இருக்குங்களா?’ என்று கேளுங்கள். சுருங்கிப்போன, செம்பழுப்புத் துண்டுகள் வரும். இஞ்சிக்குப் பங்காளி. வாயில் அடக்கிக்கொண்டால் காரமும் வாசனையுமாகத் தொண்டைக்கு இதம். சும்மா பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் சுற்றிய வேர் இது!

சீனர்கள் இதை ‘காவோலியாங் இஞ்சி’ என்றார்கள். காவோலியாங் என்பது ஊர்ப்பெயர். அரபு வியாபாரிகள் வாயில் அது ‘கூலஞ்சான்’ ஆனது. ஐரோப்பாவில் ‘கலங்கல்’. 12-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியக் கன்னிமடத் தலைவி ஹில்டகார்ட், இதய வலிக்கு இதைச் சிபாரிசு செய்திருக்கிறார்.

வேடிக்கை என்ன தெரியுமா? அதற்குப் பிறகும் எழுநூறு வருஷம் ஐரோப்பியர்கள் வேரைத் தின்றார்களே தவிர, அது எந்தச் செடி என்று அவர்களுக்குத் தெரியாது! கப்பலில் வந்தது காய்ந்த துண்டு மட்டும்தானே? 1870 வாக்கில்தான், சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ஹென்றி ஹான்ஸ் செடியை அடையாளம் கண்டு, ‘அல்பினியா அஃபிசினாரம்’ என்று பெயர் வைத்தார். அஃபிசினாரம் என்றால், ‘மருந்துக் கடைகளுக்கு உரியது’!

சரி, நாம் மட்டும் என்ன ஒழுங்கு? இதற்குப் பேரரத்தை என்று ஓர் அண்ணன் உண்டு. அது ‘அல்பினியா கலங்கா’. கேரளத்தில் சிற்றரத்தை என்று பயிரிடுவதோ ‘அல்பினியா கல்கராட்டா’. மூன்றும் வேறு வேறு செடி. காய வைத்து நறுக்கிவிட்டால் நமக்கு வித்தியாசம் தெரியுமா?

குழந்தையின் இருமலுக்கு உரசிக் கொடுக்கிற மருந்து. அடுத்த முறை வாங்கும்போது, ‘இது எந்தச் செடிங்க, எங்கிருந்து வருதுங்க?’ என்றும் கேட்டுவையுங்கள்.