பம்பாயின் இரண்டு ஆட்டரங்குகள்

மாஹிமிலோ மாட்டுங்கா ரோட்டிலோ மின்சார ரயிலேறிச் சர்ச்கேட் நோக்கிச் செல்லும் தமிழன்பர்கள், மரீன் லைன்ஸ் நிலையம் தாண்டியதும் வலப்புறத்தே ஓங்கி நிற்கும் வான்கடே ஸ்டேடியத்தைக் கண்டிருப்பீர்கள். சர்ச்கேட்டில் இறங்கிச் சற்றே நடந்தால் பிராபோர்ன் ஸ்டேடியம். இரண்டிற்கும் இடையே ஒரு கிலோமீட்டர் தூரங்கூட இல்லை. ஒரு முழ நிலத்திற்கும் பெரும்பாடு படவேண்டிய இந்நகரத்தில், ஒரே கிரிக்கெட் ஆட்டத்திற்கென இரண்டு பேரரங்குகள் இவ்வளவு அருகருகே எழுந்தது எதனால்?

இந்திய மண்ணில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் பந்தயம், 1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஆடப்பெற்றது. நிலையான அரங்கு அங்கில்லை. பந்தயத்தின்போது பந்தலிட்டுப் பின்னர்ப் பிரித்துவிடுவர். அதே ஆண்டில் தில்லியில் தோன்றிய இந்தியக் கிரிக்கெட் கிளப்பிற்குச் சொந்த இல்லம் தேவைப்பட்டது. கடலைத் தூர்த்துப் பெற்ற பேக் பே நிலத்தின்மீது, கிளப்பின் செயலாளர் ஆண்டனி டி மெல்லோ கண்வைத்தார். நிலம் சர்க்காருடையது, பம்பாய் மாகாண கவர்னராக இருந்தவர் பிராபோர்ன் பிரபு. சர்க்காருக்குப் பணம் வேண்டுமா, தங்களுக்கு அழியாப் புகழ் வேண்டுமா என்று டி மெல்லோ அவரை வினவினாராம். கேட்ட கேள்வியிலேயே விடையும் இருந்தது! சதுர கஜம் ஒன்றுக்கு 13 ரூபாய் 8 அணா விலையில் 90,000 சதுர கஜம் கிளப்பிற்குக் கிடைத்தது. மொத்தம் 12 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய். 1936 மே 22 அன்று கவர்னரே அடிக்கல் நாட்டினார். அரங்கு திறக்கப்பெற்ற 1937 டிசம்பர் 7 அன்று அவர் அப்பதவியில் இல்லை. பெயர் மட்டும் நின்றது.

அமெரிக்காவில் பேஸ்பால் அரங்குகள் பலவற்றிற்கு உரிமையாளர் பெயரே அமைந்தது. சிக்காகோவின் ரிக்ளி மைதானம் சூயிங் கம் வணிகரான ரிக்ளியின் பெயர் தாங்குகிறது. அங்கே பெயருக்குரியவர் பொருள் படைத்தவர். இங்கோ பொதுநிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் படைத்தவர்.

பெயர் எளிதில் முடிந்தது. இருக்கைப் பூசல் அவ்வாறு முடியவில்லை. சமய வாரியாக அணிகள் மோதிய பென்டாங்குலர் பந்தயம் 1937-இல் புது அரங்கிற்கு வந்தபோது, தங்களுக்கு ஒதுக்கிய இடங்கள் போதா என்று ஹிந்து அணியினர் விலகிக்கொண்டனர். 1946-இல் அப்பந்தயம் மறைந்தது. அது மறைந்தது நல்லதே. ஆயினும் 1943-இல் அவ்வரங்கில் விஜய் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250 ஓட்டங்களும், எதிரணியான ‘ரெஸ்ட்’ எடுத்த 387-இல் விஜய் ஹசாரே ஒருவரே 309 ஓட்டங்களும் குவித்ததைப் பழைய ரசிகர்கள் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தனர்.

1948 முதல் டெஸ்ட் பந்தயங்களும் அங்கேயே நிகழ்ந்தன. அரங்கு கிளப்பினுடையது, பந்தயத்தை நடத்தும் பொறுப்போ பம்பாய்க் கிரிக்கெட் சங்கத்தினுடையது. யாருக்கு எத்தனை டிக்கெட் என்ற வழக்கு ஆண்டுதோறும் வளர்ந்து, 1973-இல் இங்கிலாந்து அணி வந்தபோது முற்றியது. சங்கத்தின் தலைவரும் மகாராஷ்டிரச் சட்டமன்றச் சபாநாயகருமான சேஷராவ் வான்கடே, இரவல் வீட்டில் இனி இருப்பதில்லை என்று துணிந்தார். சசி பிரபு என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, பதின்மூன்று மாத அளவில் புதிய அரங்கு எழுந்தது. 1975 ஜனவரியில் நடந்த முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 242 ஓட்டங்கள் எடுத்தார். அவரை வாழ்த்த மைதானத்துள் ஓடிய ரசிகர் ஒருவரைப் போலீசார் அடிக்கவே, அரங்கில் பெருங்கலவரம் மூண்டது.

புதிய அரங்கிற்கும் ஆட்டக்காரர் பெயர் வாய்க்கவில்லை. அது வான்கடே பெயரையே பெற்றது. நம் சென்னையிலும் இதே கதைதான். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்ட சேப்பாக்கம் மைதானம், பின்னர்க் கிரிக்கெட் வாரியத் தலைவராயிருந்த எம்.ஏ. சிதம்பரம் அவர்களின் பெயரைப் பெற்றது. எனினும் மக்கள் வாயில் அது சேப்பாக்கமாகவே வாழ்கிறது. கடலைத் தூர்த்த நிலத்திற்கு அத்தகைய பழம்பெயர் ஏது? வான்கடே என்ற பெயரே இடப்பெயராகிவிட்டது.

ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தவை பார்வையாளர் மாடங்களே. காவஸ்கர், டெண்டுல்கர் பெயர்களோடு மெர்ச்சன்ட் பெயரும் வான்கடேயில் உண்டு. அந்த 250 பிராபோர்னில் எடுத்ததாயிற்றே! 2025 மே மாதத்தில் அஜித் வாடேகர், ரோஹித் சர்மா பெயர்களும் அங்கே சேர்ந்தன.

2011 உலகக் கோப்பைக்காக வான்கடே புதுப்பிக்கப்பட்டபோது, 2009 டிசம்பரில் இலங்கையுடன் ஆடும் டெஸ்ட் ஒன்று பிராபோர்னுக்குத் திரும்பி வந்தது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அங்கு நிகழ்ந்த முதல் டெஸ்ட் அது. வீரேந்திர சேவாக் 293 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அப்போதும் அவ்வரங்கு அந்தக் கவர்னர் பெயராலேயே வழங்கிற்று.