மரபு இருக்கிறது, பரிணாமம் எங்கே?

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உயிரியல் பாடத்திட்டத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கிறார்கள். பாடநூலில் எது இருக்கலாம், பரீட்சையில் எதைக் கேட்கலாம் என்று தீர்மானிப்பது அதிகாரம். அந்த அதிகாரம் நம் பிள்ளைகள் மேல்தான் முதலில் விழுகிறது. அதனால் எனக்கு வேலை இருக்கிறது.

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றொரு பாடம் இருந்தது. கொரோனா காலத்தில், சுமையைக் குறைக்கிறோம் என்று பரிணாமத்தைத் தற்காலிகமாக ஒதுக்கினார்கள். 2023இல் வந்த புத்தகத்தில் பாடத்தின் பெயரே 'மரபுவழி' என்றாகிவிட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்று பதில் வந்தது. பன்னிரண்டில் உயிரியல் எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பத்தோடு நிறுத்திக்கொண்டு செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போவது யார் வீட்டுப் பிள்ளைகள்?

நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், விளைவைப் பார்ப்போம். பிறப்பால் வந்தது மாறாது என்பதுதான் சாதியின் ஆதாரச் சொல்லாடல். பரிணாமம் தெரியாமல் மரபை மட்டும் படித்து வெளியேறும் பிள்ளையிடம் இந்தப் பொய் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இரத்தத் தூய்மையைக் காக்கவே சாதி என்ற வாதத்தை அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எதிர்கொண்டார். பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனவழி, சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனவழி என்றார். ஓர் இனத்து மக்களையே கூறுபோட்ட சமூக ஏற்பாடுதான் சாதி என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு நூலில் மரபியலும் பரிணாமமும் அடுத்தடுத்த பாடங்களாக இருக்கின்றன. நல்லது. ஆனா கேள்வி எப்படி வருது? மெண்டலின் பட்டாணி, 3:1 விகிதம், இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டைச் சொன்னவர் யார், ஒரு மார்க். 'சாதி எந்தக் குரோமோசோம்ல சார் இருக்கு?' என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்க அந்தப் பாடத்தில் இடம் வேண்டாமா? லாண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்த ஏ, பி, ஓ இரத்த வகைகள் ஊர்த் தெருவிலும் சேரியிலும் ஒண்ணாத்தானே ஓடுது?

இனி பரீட்சையின் கதை. 1978இல் பிளஸ் டூ முறை வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் போக வக்கில்லாதவர்களை அது வடிகட்டியது. 2007இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. உடனே தனியார் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. அநியாயம்தான். ஆனாலும் அரசு கொடுத்த ஒரே புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சா கரையேறலாம் என்ற வழி நமக்கு இருந்தது.

அந்த வழியில் வந்தவள் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176 வாங்கினாள். 2017இல் தமிழ்நாட்டின் மேல் நீட் வந்து இறங்கியது. அதன் பாடத்திட்டம் வேறு, கேட்கும் விதம் வேறு. அதில் 720க்குப் பாதி, 360 மதிப்பெண், உயிரியல். அனிதாவுக்குக் கிடைத்தது 86. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றாள். அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டாள்.

மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பாடத்திட்டப்படி புதிய பதினொன்றாம் வகுப்பு நூல்கள் 2018இலும் பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் 2019இலும்தான் வந்தன. வரிசையைக் கவனியுங்கள். பரீட்சை முதலில் மாறியது, பாடம் பிறகு மாறியது. இடையில் மாட்டிய பிள்ளைகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று, கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. தாய்மொழியில் எழுதியவர்களுக்குக் கிடைத்த நீதி இவ்வளவுதான். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. போராடி வாங்கியது அது, யாரும் போட்ட பிச்சையல்ல.

பிளஸ் ஒன் பாடத்தைத் தவிர்க்கக் கூடாது என்று 2017-18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025 மாநிலக் கல்விக் கொள்கை கைவிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பயம் குறையும், சரி. ஆனால் நீட் கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் வருகின்றன. கோச்சிங் போகிறவன் அதை அங்கே படித்துக்கொள்வான். உயிரியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் நம்ம புள்ள எங்க படிக்கும்?

பாடத்தையும் பரீட்சையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசச் சொல்வோம். அந்த மேசையில் அரசுப் பள்ளி தலித் ஆசிரியர்களுக்கு நாற்காலி கேட்போம். அதுவரை நம் மாலை வகுப்புகளில் மரபியலையும் பரிணாமத்தையும் சேர்த்தே நடத்துவோம், பரீட்சையில் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.