பூஜ்யம் எடுத்தவருக்கு எத்தனை மார்க்? 1995 ரக்பி இறுதி ஆட்டம்

பெரிய ஆட்டம் ஒன்று முடிந்தால் மறுநாள் பத்திரிகைகள் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும். கிரிக்கெட்டில் இது ஓரளவு சுலபம். ரன்னும் விக்கெட்டும் பேரோடு எழுதி இருக்கும். ரக்பியில் அந்த வசதி கிடையாது. அணிக்குப் பதினைந்து பேர். அதில் எட்டுப் பேர் ஆட்டம் முழுக்கத் தள்ளுவதும் இழுப்பதுமாகவே இருப்பார்கள். ஸ்கோர்கார்டில் அவர்கள் பேர் வருவதே அபூர்வம்.

இதை யோசிக்க எனக்குப் பிடித்த ஆட்டம் 1995 உலகக் கோப்பை இறுதி. ஜூன் 24, ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம், தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும். நெல்சன் மண்டேலா 6 ஆம் எண் பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு கேப்டன் ஃபிரான்ஸ்வா பீனாரிடம் கோப்பையைக் கொடுத்தாரே, அதே ஆட்டம்தான். அரசியல் கதை பலருக்கும் தெரியும், சினிமாவாகவும் வந்தாச்சு. நான் ஆட்டக்காரர்களை மட்டும் பார்க்கிறேன்.

கணக்கு இதுதான்: தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12. பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளி. பெனால்டி உதைக்கு 3. ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ட்ராப் கோல், அதற்கும் 3. இந்த ஆட்டத்தில் ட்ரையே விழவில்லை. 15 புள்ளியும் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி எடுத்தது. மூன்று பெனால்டி, இரண்டு ட்ராப் கோல். 12 புள்ளியும் ஆண்ட்ரூ மெர்டன்ஸ் எடுத்தது; மூன்று பெனால்டி, ஒரு ட்ராப் கோல். மீதி 28 பேருக்கும் பூஜ்யம்.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஜோனா லோமு அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஆறு நாள் முன்னால்தான், அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நாலு ட்ரை போட்டிருந்தார். தடுக்க வந்த மைக் கேட் மேலேயே ஏறி ஓடிய காட்சி இன்னும் யூட்யூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது வயது 20, எடை 115 கிலோவுக்கு மேல். இறுதியில் ட்ரை இல்லை. அப்போ தோல்வியா?

ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, பந்தை விட்டுவிட்டு லோமுவை மட்டும் கவனித்துப் பாருங்க. பந்து அவர் கைக்கு வந்ததும் தென்னாப்பிரிக்கர்கள் இரண்டு மூன்று பேராக அந்தப் பக்கம் பாய்கிறார்கள். ஒருத்தர் காலைப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் போதும், அடுத்தவர் வந்து சேர்ந்துகொள்வார். ஒரு கட்டத்தில் லோமு வேகம் எடுத்து வரும்போது ஸ்க்ரம்-ஹாஃப் யோஸ்ட் வான் டெர் வெஸ்தைசன் தனியாளாகப் பாய்ந்து சாய்த்தார். உருவத்தில் அவர் லோமுவைவிட ரொம்பச் சின்னவர். அந்த டேக்கிளுக்கு ஸ்கோர்கார்டில் இடமே இல்லை. ஆனால் அது ஒரு ட்ரையைத் தடுத்தது என்றால், 5 புள்ளிக்குச் சமம்.

இன்னொரு பேர் ரூபன் க்ரூகர். முதல் பாதியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கோட்டைத் தாண்டி விழுந்தார். ட்ரை என்று அவர் அணி நம்பியது. நடுவர் எட் மாரிசன் தரவில்லை. கொடுத்திருந்தால் ஸ்கோர்கார்டில் மூன்றாவது பேர் வந்திருக்கும், ஆட்டம் 80 நிமிஷத்தில் முடிந்தும் இருக்கலாம். க்ரூகர் செய்த வேலை இரண்டு கதையிலும் ஒன்றேதான், மாறுவது எழுத்தில் ஏறும் புள்ளி மட்டும்.

மெர்டன்ஸுக்கு இதே விஷயம் தலைகீழ். 9-9 சமநிலையில், முழுநேரம் முடியும் தறுவாயில் ஒரு ட்ராப் கோல் முயற்சி வெளியே போனது. போயிருந்தால் அவர்தான் நாயகன். கூடுதல் நேரத்தில் 12-12 ஆனபிறகு, ஸ்ட்ரான்ஸ்கி அதே மாதிரி உதை ஒன்றை உதைத்தார், உள்ளே போனது. அந்த ஸ்க்ரமில் பின்வரிசைக்காரர்கள் ஓடுவதாகத்தான் முதலில் திட்டம். அதை மாற்றிப் பந்தைத் தன்னிடம் கேட்டவர் ஸ்ட்ரான்ஸ்கி. உதையைவிட அந்த முடிவுக்கே நான் அதிக மார்க் போடுவேன்.

ஐடியில் இருக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. எத்தனை டிக்கெட் மூடினாய் என்று எண்ணுவது சுலபம். ராத்திரி சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டவனுடைய வேலை எந்த ரிப்போர்ட்டிலும் வராது. விழாத சர்வரை எப்படி எண்ணுவது? அப்ரைசலில் அவனுக்குச் சராசரி மார்க், அடுத்த வருஷம் வேறு கம்பெனி.

என் மார்க்: ஸ்ட்ரான்ஸ்கி 9, வான் டெர் வெஸ்தைசன் 9, க்ரூகர் 8, மெர்டன்ஸ் 7, லோமு 7. பூஜ்யத்துக்கு ஏன் ஏழு? ஓர் அணியே தன் தடுப்பாட்டத்தை ஒரே ஆளைச் சுற்றி அமைத்தது. அதனால் வேறு பக்கம் கிடைத்த இடத்தை நியூசிலாந்தின் மற்றவர்கள் ட்ரையாக மாற்றவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அந்த அணியில் பல பேருக்கு வயிற்றுக் கோளாறு வேறு. அந்த வருஷக் கடைசியிலேயே லோமுவுக்குக் கடுமையான சிறுநீரக நோய் இருப்பது தெரிய வந்தது.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லோமு தன் வாழ்நாளில் ஒரு டெஸ்ட் ட்ரைகூட போட்டதில்லை. இதைப் பலர் அவருடைய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது எதிரே நின்று சாய்த்தவர்களின் கணக்கில் எழுத வேண்டியது என்று தோன்றுகிறது. நீங்க அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் உங்க மார்க்கையும் போட்டுப் பாருங்க, பந்து இல்லாத பக்கத்தையும் சேர்த்து.