வலிப்பும் மயக்கமும்

மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கு மீறி ஒரே சமயத்தில் மின்துடிப்புகளை வெளியிடும்போது வருவது வலிப்பு. மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைந்து நினைவு தப்புவது மயக்கம். இரண்டிலும் ஆள் விழுவதால் நெடுங்காலமாக ஒன்றையே மற்றொன்றாக எண்ணி வந்திருக்கிறோம். வாஷியிலிருந்து காலையில் கிளம்பும் ஹார்பர் லோக்கலில் ஒருவர் சரிந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவரும் மூக்கருகே செருப்பையோ வெங்காயத்தையோ நீட்டுபவரும் இன்றும் உண்டு. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். அந்தப் பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது.

தமிழ் மரபில் வலிப்பு நோய்க்கு முயலகன் என்ற பெயர் உண்டு. திருச்சியை அடுத்த திருப்பாச்சிலாச்சிராமத்தில், இன்றைய திருவாசியில், கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். எந்த மருத்துவமும் பலிக்காத நிலையில் மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் தந்தை. அந்தக் கோயிலில் நடராசர், வழக்கமாகக் காலடியில் மிதிக்கும் முயலகன் என்ற அசுரன் மீதல்ல, பாம்பின் மீது ஆடுகிறார். இக்கதையில் கவனிக்க வேண்டியவன் அந்தத் தகப்பன்தான். ஊரறிய அவன் செய்ததைச் செய்ய இன்றும் பல வீடுகளில் துணிவு வருவதில்லை.

நவீன மருந்தின் வரலாறு 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பைப் பரிந்துரைத்ததிலிருந்து தொடங்குகிறது. 1912-இல் ஆல்ஃபிரட் ஹௌப்ட்மன் பீனோபார்பிட்டாலின் பயனைக் கண்டறிந்தார். விலை மலிவான அந்த மாத்திரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைப் பதிவை வெளியிட்டார். 1938-இல் ஃபெனிடாயின் என்ற மருந்து வந்தது.

இந்தியாவில் அறுவை சிகிச்சைக்கு வழி திறந்தது வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, 1952-இல் நாட்டின் முதல் வலிப்பு நோய் அறுவையைச் செய்தார். பின்னாளில் அதே மருத்துவமனையில் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர், வலிப்பு வந்தவர்களின் மூளை ஸ்கேனில் தெரியும் சிறு ஒற்றைக் கட்டிகள் பலவும் காசநோய்க் கட்டிகள் அல்ல, நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகளே என்று காட்டினர். புழு முட்டை ஒட்டிய, சரியாகக் கழுவாத காய்கறி வழியாகச் சைவ உணவுக்காரருக்கும் இது வரும்.

பம்பாயின் பங்கு வேறு வகையானது. கே.இ.எம். மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் எடி பரூச்சா போன்றோரின் முயற்சியில் 1970-களின் தொடக்கத்தில் இந்திய எபிலெப்ஸி சங்கம் உருவானது. நகரத்துப் பார்சி குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று நடத்திய நரம்பியல் கணக்கெடுப்பின் வலிப்பு நோய் முடிவுகள் 1988-இல் வெளிவந்தன. 1990-களில் நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேச 'சம்மான்' குழு இயங்கியது.

பேச வேண்டிய தேவைக்குச் சட்டமே ஒரு காரணமாக இருந்தது. 1976 திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரின் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் ரத்து செய்யக் கோர முடிந்தது. மாத்திரையால் குணமாக இருந்த பெண்ணும் அதைப் புகுந்த வீட்டில் ஒளித்து விழுங்கினாள். ஒளிக்க முடியாத நாளில் விட்டாள். விட்டதால் வலிப்பு வந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 'வலிப்பு' என்பதை அந்தச் சட்டத்திலிருந்து நீக்கியது. ஒரு தலைமுறைப் பெண்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

மயக்கத்தின் கதை தனி. உணர்ச்சியாலோ நெடுநேரம் நிற்பதாலோ ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டெனக் குறையும் மயக்கத்தை 1932-இல் தாமஸ் லூயிஸ் விவரித்தார். விரதமிருந்து, வெறும் வயிற்றில், நெரிசலில் நிற்பவருக்கு வருவது பெரும்பாலும் இதுவே. வியர்க்கும், கண் இருளும், முகம் வெளிறும். விழுந்தவர் படுத்த சில நொடிகளில் தெளிவார். கை கால் உதறினாலே வலிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. 1994-இல் தன்னார்வலர்களை மயங்கச் செய்து படம்பிடித்த ஜெர்மானிய ஆய்வில், முழுதாக மயங்கியோரில் 90 சதவீதத்தினருக்கு உதறல் இருந்தது. வலிப்பில் நாக்கின் ஓரம் கடிபடும், முகம் நீலம் பாயும், முடிந்த பிறகும் குழப்பம் நீடிக்கும். உடனிருப்பவர் மொபைலில் எடுக்கும் வீடியோ, மருத்துவருக்குப் பல பரிசோதனைகளைவிட உதவும். ஓடும்போதோ உழைக்கும்போதோ மயங்கினால் இ.சி.ஜி. கட்டாயம், அது இதயக் கோளாறாக இருக்கலாம்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மிடசோலம் மூக்குத் தெளிப்பானை அடிக்கலாம். சரியான சிகிச்சையில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு விடுமுறையில் போகிறவர், போக வர ஆகும் நாட்களுக்கும் சேர்த்து மாத்திரையைக் கைப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் பெண்கள், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அது கருவைப் பாதிக்கக்கூடியது.

ஓட்டுநர் உரிமம் கேட்போர் நிரப்பும் படிவம் 1, வலிப்பு உண்டா என்று கேட்கிறது. எத்தனை ஆண்டு வலிப்பில்லாமல் இருந்தால் ஓட்டலாம் என்று அது சொல்வதில்லை. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் காரோட்ட அனுமதி பெறலாம். இங்கே அப்படியொரு வரையறை இல்லாததால், நோய் கட்டுக்குள் இருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் உண்மையை எழுதினால் பிழைப்பு போய்விடும் என்ற பயம்தான் மிஞ்சுகிறது.