சுழன்ற கோலும் பாய்ந்த வளரியும்

இராமநாதபுரம் சீமையிலே ஊர்த் திருவிழா என்றால் சிலம்பம் உண்டு. கொட்டு முழங்கும், கூட்டம் வட்டமிடும், இருமுனையிலும் தீப்பந்தம் கட்டிய கோல் இருளைக் கிழித்துச் சுழலும். ஆடுபவனின் கையைக் காணோம், கோலையும் காணோம். நெருப்பு வளையம் ஒன்றே தெரியும்! கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவார் ஒருவர், ஒற்றைக் காலில் நின்று சுற்றுவார் மற்றொருவர். கைதட்டல் அடங்குமுன் மேடையேறுவார் ஒரு பேச்சாளர். இந்தக் கோலைக் கண்டுதான் வெள்ளையன் கதிகலங்கினான் என்பார். கூட்டம் மீண்டும் கைதட்டும்.

கலங்கினானா? கலங்கினான் என்றால், எதைக் கண்டு? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமே, தோழர்களே!

கும்பெனிப் படையிலே ஜேம்ஸ் வெல்ஷ் என்றொரு வெள்ளையன் இருந்தான். தன் இராணுவ நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டவன். 1795-இல் மதுரைப் பக்கம் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று அவனே எழுதியிருக்கிறான். வளரி என்பது பிறை வடிவான எறிபடை. வன்மரத்திலோ இரும்பிலோ செய்வர். ஒரு முனை கனமாயிருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் ஓரிரு சுழற்று, பிறகு வீச்சு! தேர்ந்தவன் கையில் அது 100 கெஜ தூரத்துக்குள் குறி தவறாது என்பது வெல்ஷ் தரும் சான்று. பெரிய மருது வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைப்பார் என்றும் எழுதினான். நம் பேச்சாளர்கள் ரூபாயை மறப்பதில்லை. வளரியின் 100 கெஜத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நண்பனாக வளரி கற்ற அதே வெல்ஷ், 1801-இல் எதிரியாக வந்தான். அவன் படை அஞ்சி நின்ற இடங்கள் எவை? முதல் இடம் பாஞ்சாலங்குறிச்சி. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுக் கோட்டையையும் தரைமட்டமாக்கினர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள், சில நாள்களிலேயே அதை மண்ணால் மீண்டும் எழுப்பினர். அந்த மண் சுவரிலே மார்ச் 31-இல் மோதிய கும்பெனிப் படை பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. உள்ளே நின்றவர் கையில் நீண்ட ஈட்டிகள். ஈட்டியிலே என்ன அழகு? குத்துவது ஒன்றே அதன் வேலை. பெரும் பீரங்கிகள் வந்துசேர்ந்து சுவரைப் பிளந்த பிறகே, மே 24-இல் கோட்டை வீழ்ந்தது.

அடுத்த இடம் காளையார்கோயில் காடு. சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட முனைந்தான் தளபதி அக்னியூ. ஆகஸ்டு மாதம் முழுவதும் வெட்டினர். வெட்ட வெட்ட முள்வேலி, மறைவிலிருந்து பாயும் தாக்குதல், நோய் வேறு. ஒரு மாத உழைப்பைக் கைவிட்டுப் படை திரும்பியது! கும்பெனியைத் திணறடித்தது முள்ளும் மண்ணும் மறைவும். வேடிக்கை பார்க்க அங்கே யாரும் இல்லை.

பிறகு ஏன் வீழ்ந்தது? இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். படமாத்தூர்க் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று செப்டம்பரில் சோழபுரத்தில் முடிசூட்டி மக்களைப் பிளந்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனிக்குத் துணை நின்றார். அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். தனக்கு வளரி கற்றுத் தந்தவரைத் தொடை எலும்பு முறிந்த கைதியாகக் கண்டதையும் வெல்ஷ் எழுதியிருக்கிறான்.

இராமநாதபுரம் கோட்டையின் கதை இன்னும் சுருக்கம். 1772 சூன் மாதம் நவாபின் படையும் ஜோசப் ஸ்மித்தின் பீரங்கிகளும் வந்தன; சில நாள்களிலே முடிந்தது.

1801 டிசம்பர் முதல் நாள் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. கோட்டைகளை இடிக்க வேண்டும், படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் தண்டனை. துப்பாக்கியும் ஈட்டியும் போயின. மூங்கில் தடியை யார் பறிப்பது? மாடு மேய்ப்பவன் கையிலும் அது உண்டே! தடி தப்பியது. ஆனால் தப்பிய தடிக்குப் போர் இல்லை, திருவிழாதான் மிச்சம். போர் இல்லாத கருவி பார்ப்பவரை மகிழ்விக்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

வளரி அப்படிப் பிழைக்க முடியவில்லை. ஒரு வீச்சு, ஓர் அடி, அவ்வளவுதான் வளரி. அதை வைத்து ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போட இயலுமா? தர்ஸ்டன் 1909-இல் தம் நூலை வெளியிட்டபோதே, புதுக்கோட்டைச் சீமையில் வளரி வல்லார் எவரும் இல்லை, முயலும் காட்டுக்கோழியும் அடிக்கவே எப்போதாவது பயன்படுகிறது என்ற செய்தி அதில் இடம்பெற்றுவிட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்குத் தஞ்சை ஆயுதச் சாலையிலிருந்து வந்த வளரிகளில் தந்தத்தால் செய்தவையும் உண்டு. தந்தத்தில் வளரி! எவன் மண்டையை உடைக்க அதை வீசியிருப்பான் அரசன்?

சிலம்பத்தை இகழ்வது நம் நோக்கமன்று. பழைய ஆட்டத்திலே நேர்மையான ஒரு சோதனை இருந்தது. கோல் முனையில் கரியையோ சாம்பலையோ தடவி இருவர் மோதுவர். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை புள்ளி என்று எண்ணுவர். எதிரியின் கோலைத் தட்டிவிட்டாலும் வெற்றி. கரிப் புள்ளி பொய் சொல்லாது. ஆசானின் மகன் என்றோ பெரிய வீட்டுப் பிள்ளை என்றோ அது பார்க்காது. சுழற்றுவதற்கும் பொருள் உண்டு. பலர் சூழ்ந்துகொண்டால் எவரையும் நெருங்கவிடாமல் காக்கும் வேலி அது. ஆனால் ஒருவனோடு ஒருவன் மோதும்போது, முதுகுக்குப் பின்னால் கோல் போகும் ஒவ்வொரு கணமும் எதிரிக்குத் தரும் இலவச வாய்ப்பு. அலங்காரச் சிலம்பம் இந்தக் கணங்களைத்தான் பெருக்கியது. திரைப்படம் வந்தது, எம்.ஜி.ஆர். கோல் சுழற்றினார், அடிபட வேண்டியவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள்.

உலகிலும் இதே கதைதான். 1900-இல் சீனத்தில் வெள்ளையரை எதிர்த்தெழுந்த பாக்சர் வீரர்கள், சடங்கும் பயிற்சியும் உடலைக் குண்டு துளைக்காததாக ஆக்கும் என நம்பினர். எழுச்சிக்கு நியாயம் இருந்தது. நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. குண்டு துளைத்தது. 2017 ஏப்ரலில் செங்டு நகரில், சூ சியாவோதோங் என்ற கலப்புச் சண்டை வீரர் தைச்சி ஆசான் ஒருவரோடு மோதினார். அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை; ஆசான் தரையில் கிடந்தார். சினம் பொங்கியது யார்மீது? வென்றவர்மீது! அவருடைய சமூக வலைத்தளக் கணக்கே நீக்கப்பட்டது. சப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகானை நிறுவியபோது, எதிர்த்துப் போராடும் துணையோடு பயிலும் தடையற்ற மோதலை முதன்மையாக்கினார். வடிவப் பயிற்சியையும் விடவில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பவில்லை. அவருடைய ஜூடோ உலகெங்கும் பரவியது.

நம்மிடையே இன்றும் தொட்டால் சாய்க்கும் வர்மம் பேசுவோர் உண்டு. தொடச் சொன்னால், அந்த இரகசியம் வெளியே காட்டலாகாது என்பார்கள். மந்திரித்த தாயத்துக்கும் இதே வாதம்தானே!

இன்னொரு கூட்டம் வீரத்தைத் தன் சாதிச் சொத்தாகப் பட்டா போட்டுக்கொள்கிறது. 1801 சூன் 16-இல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கையை அவர்கள் படித்ததில்லை போலும். நால்வகை வருணத்தாரையும் முசுலிம்களையும் பெயர் சொல்லியல்லவா அது போருக்கு அழைத்தது!

நாம் இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் வகுப்பறைதான். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு சிலம்பம் பயிலும் மாணவியர் பெருகினர். மகிழ்ச்சி! பொட்டல் சாலையில் அந்தி நேரத்தில் தனியே நடந்து வரும் பெண், தனக்கு ஒரு கலை தெரியும் என்று நம்புகிறாள். அவளைப் பெற்றவர்களும் நம்புகிறார்கள். அவளுக்குக் கற்றுத் தரப்பட்டதோ, ஆண்டு விழாவுக்கான எட்டு நிமிடச் சுழற்சி. எதிரே ஓர் ஆள் நின்று கோலைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் பயின்றதில்லை. கையில் கோலே இல்லாதபோது என்ன செய்வது என்றும், கூச்சலிட்டு ஓடுவதே சிறந்த தற்காப்பாகும் வேளை எது என்றும் அவளுக்கு எவரும் சொன்னதில்லை.

கரித்துண்டுக்கு விலை அதிகமில்லை. கோல் முனையில் தடவி இருவரை மோதவிடட்டும் ஆசான்கள். சட்டையில் விழும் புள்ளிகளைப் பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள்.