சனிக்கிழமை காலை, ஐந்தாம் சானல்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து மல்யுத்த நிகழ்ச்சி ஒரு குடும்பப் பாசத்தால் பிறந்தது என்றால் மிகையில்லை. 1970களில் அந்நாட்டு மல்யுத்தத் தொழில் வட்டாரம் வட்டாரமாகப் பங்கு போடப்பட்டிருந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை. டென்னசி வட்டாரம் நாஷ்வில்லில் இருந்த நிக் கூலஸின் பிடியில் இருந்தது. மெம்ஃபிஸில் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவரோ ஜெர்ரி ஜாரெட். மல்யுத்த வீரனான தன் மகன் ஜார்ஜை மெம்ஃபிஸ் மேடையிலும் ஏற்ற வேண்டும் என்று கூலஸ் அழுத்தம் கொடுத்தார். ஜாரெட்டுக்கு அது பிடிக்கவில்லை. 1977இல் பிரிந்துபோய்த் தனிக் கடை போட்டார்.

ஊரின் நட்சத்திரமான ஜெர்ரி லாலர் அவர் பக்கம் வந்தார். அதைவிடப் பெரிய வரவு வர்ணனையாளர் லான்ஸ் ரசல் என்பேன். பதின்மூன்றாம் சானலில் நிகழ்ச்சித் தலைவராக இருந்தவர், அந்த வேலையையே விட்டுவிட்டு, ஜாரெட்டின் நிகழ்ச்சி ஒளிபரப்பான ஐந்தாம் சானலுக்கு வந்தார். கூடவே டேவ் பிரவுனும் வந்தார். வாரநாட்களில் மழை வருமா வராதா என்று ஊருக்குச் சொன்ன அதே மனிதர், சனிக்கிழமை மல்யுத்த மேசையில் உட்கார்ந்தார். எதற்கும் கூச்சல் போடாத இந்த இருவரும் சொன்னதை மக்கள் நம்பினார்கள்.

காலையில் ஒன்றரை மணி நேரம், நேரலை. சின்ன ஸ்டுடியோ, ஒரு ரிங், கொஞ்சம் பார்வையாளர்கள். நிகழ்ச்சியில் எந்தப் பகையும் தீராது. அங்கே மூட்டிவிடுவதோடு சரி. தீர்ப்பு திங்கட்கிழமை இரவு மிட்-சவுத் கொலிசியம் அரங்கில். அதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். வாரா வாரம் அந்தப் பெரிய அரங்கத்துக்கு ஆள் சேர்க்க, வாரா வாரம் புதுக் கதை வேண்டும். இவ்வளவு கடுமையான எழுத்துப் பயிற்சி எந்த நாடகக் குழுவுக்கும் வாய்த்திருக்குமா, தெரியவில்லை.

அப்படி வந்த கதைகளில் ஒன்று இது: நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் பெண்களோடு மல்யுத்தம் செய்வதை ஒரு நிகழ்ச்சியாக்கி வைத்திருந்தார். நியூயார்க் மல்யுத்த நிறுவனம் அதை ஏற்கவில்லை, மெம்ஃபிஸ் அழைத்துக்கொண்டது. 1982 ஏப்ரலில் லாலர் அவரைத் தடைசெய்யப்பட்ட பிடியால் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்தினார். ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில், கழுத்துப் பட்டையோடு வந்த காஃப்மனைக் கன்னத்தில் அறைந்தார். எல்லாம் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியானது. அதுவரை ரகசியத்தைக் காத்ததில்தான் அவர்களின் தொழில் பக்தியைப் பார்க்கிறேன்.

1983 முதல் அந்த நியூயார்க் நிறுவனத்தின் வின்ஸ் மக்மன் கேபிள் டிவி வழியாக நாடு முழுவதையும் ஒரே சந்தையாக்கினார். வட்டார நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மெம்ஃபிஸ் நிறுவனம் 1989இல் யூ.எஸ்.டபிள்யூ.ஏ என்று பெயர் மாறி 1997 வரை தாக்குப்பிடித்தது. மூடுவதற்கு முந்தைய ஆண்டு ஃப்ளெக்ஸ் கவானா என்ற பெயரில் ஓர் இளைஞர் அங்கே தொழில் பழகினார். இன்று அவரை உலகம் ட்வெயின் ஜான்சன் என்று அறியும்.